அடுப்பங்கரை மேடையைச் சிறு செலவில் புதுப்பித்தல்

(வேளாங்கண்ணியில் கூடிய கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)

  

விதை, உரம், பயிர்க்கடன், கறவை மாடு ஆகிய விஷயங்களைப் பற்றியே பேசக் கேட்டுப் பழகிய இச்சபையில், அடுப்பங்கரை மேடையைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இவ்விஷயத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான் அல்லன். நமது சங்கத்தின் கடன் புத்தகமே தேர்ந்தெடுத்தது. அது எவ்வாறெனில், நம் அங்கத்தினர் ஒருவர், பெயர் வேண்டாம், சம்பா சாகுபடிக்கென்று மனைவியாரின் சங்கிலியை அடகு வைத்துப் பயிர்க்கடன் பெற்றார். அந்தப் பணத்திற் பெரும்பகுதி வயலுக்குப் போகவில்லை. மெருகிட்ட கருங்கல்லாக மாறி அவர் வீட்டு அடுப்பங்கரை மேடையின்மேல் ஏறி உட்கார்ந்தது. கடைமடைப் பகுதியாகிய நமக்கு ஆற்று நீர் எப்போது வரும், வடகிழக்கு மழை எவ்வளவு பெய்யும் என்பது தெரியாது. அவ்வருஷம் மழை காலந்தவறிற்று, மகசூல் குறைந்தது, சங்கிலி மீளவில்லை. இது ஒரு நஷ்டம். இரண்டாவது மழைக்காலத்தில் மேடையின் அடிப்பலகை வெடித்து ஒரு பக்கம் தாழ்ந்து, கருங்கல்லும் நடுவே பிளந்துபோயிற்று. இது மற்றொரு நஷ்டம்.

அவர் செய்த பிழை யாதென்று நான் போய்ப் பார்த்தேன். கல் நல்ல கல்தான். கல்லை வைத்த கொத்தனாரும் கைதேர்ந்தவரே. ஆனால் கல்லுக்குக் கீழே இருந்த காங்கிரீட் பலகைக்குள் கம்பி துருப்பிடித்து ஊதியிருந்தது. அதை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. நோய் கீழே இருக்க, மருந்தை மேலே பூசினார்கள். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இதைப் பற்றியதே. பழைய மேடையை இடித்தெறிய வேண்டுவதில்லை. அதன்மேல் விலையுயர்ந்த கல்லை ஏற்றவும் வேண்டுவதில்லை. கீழே உள்ள குறையைத் தீர்த்துவிட்டால், மேலே போடும் பூச்சு மிகச் சிறிய செலவிலேயே அமைந்துவிடும். அதிலும் நான்கு வீட்டார் ஒன்று சேர்ந்தால் செலவு இன்னும் சுருங்கும்.

முதலில், நம் வீடுகளில் மேடை எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது நினைவூட்டுகிறேன். நம் பாட்டிமார் காலத்துத் தஞ்சை நாட்டு அடுப்பங்கரையில் மேடை என்பது தரையிலிருந்து ஒரு சாண் உயரமே. அதில் மண்ணாற் செய்த கொடியடுப்பு. பக்கத்தில் அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மணை. எல்லாம் உட்கார்ந்து செய்யும் வேலை. மேடையைப் புதுப்பிப்பதற்குச் செலவு என்பதே கிடையாது: வாரந்தோறும் சாணமிட்டு மெழுகி, பொங்கலுக்குப் புதுமண் அப்பி, செம்மண் கரை கட்டி, மாக்கோலமிட்டால் தீர்ந்தது. வசதியுள்ள வீடுகளில் கிளிஞ்சல் சுண்ணாம்புக் காரையும், பின்னாளில் சிவப்புச் சிமெண்டும் வந்தன. நின்று சமைக்கும் மேடை பிறகுதான் பரவியது. 2007-இல் மாநில சர்க்கார் இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2011-இல் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. 2016-இல் மத்திய சர்க்காரின் உஜ்வலா திட்டம் தொடங்கிற்று. இவ்வளவு சாமான்களும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன; அவற்றைத் தாங்கும் மேடையை மட்டும் ஒருவரும் கொண்டுவந்து தரவில்லை.

நம் பகுதியிற் பல வீடுகளுக்கு மேடை வந்த வழி வேறு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பின்னர், நாகைக் கடற்கரை நெடுகிலும் 300 முதல் 350 சதுர அடி வரையுள்ள வீடுகள் பல கட்டித் தரப்பட்டன. அவ்வீடுகளுக்கு இன்று 20 வயதுக்குக் கிட்டத்தட்ட ஆகிறது. என் தமக்கையார் குடியிருப்பதும் அத்தகைய வீடே. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபோது கூரைக்கு மேலிருந்து ஒழுகிய நீர் அவர் அடுப்பங்கரையில் இரண்டு நாள் நின்றது. அதன் பிறகே மேடையின் அடியில் காரை உதிரத் தொடங்கிற்று. அத்தான் உடனே கருங்கல் போடுவோம் என்றார். அக்காள் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, மேடைக்குக் கல் போடுகிறோம் என்று நீங்கள் இருவருமாக என் கழுத்தைக் காலியாக்கிவிடாதீர்கள்" என்றார். அந்த மேடையை நாங்கள் எவ்வாறு சீர்செய்தோமோ அதையே வரிசையாகச் சொல்லுகிறேன்.

மேடைக்கு எதிரி நெருப்பன்று, உப்பு. கடற்காற்றில் வரும் உப்பும், கலவையிற் சேர்ந்த உப்பும் காங்கிரீட்டின் நுண்ணிய துளைகளின் வழியே கம்பியை அடைகின்றன. இரும்பு துருவாக மாறும்பொழுது அதன் பருமன் பெருகுகிறது. உள்ளே பெருகும் துரு வெளியே இருக்கும் காரையைத் தள்ளுகிறது. முதலிற் கம்பியின் நேரே ஒரு கீறல், பிறகு சிவந்த கறை, பிறகு காரை பெயர்ந்து விழுதல். இதுவே வரிசை. ஆகையால் மேடையின் மேல்பக்கத்தைப் பார்த்து அதன் ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கக்கூடாது. சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டு, விளக்கை ஏந்திக்கொண்டு, மேடைக்குக் கீழே தலையை நுழைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிறகு மேலும் கீழும் ஒரு சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். கெட்டியான இடம் கணீரென்று சொல்லும். விட்டுப்போன இடம் பொள்ளலாகச் சத்தமிடும். பொள்ளல் கேட்ட இடத்தையெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வட்டங்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். காரை பெயர்ந்த இடத்தைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் இரும்புத் தூரிகையால் வெள்ளைவெளேரென்று தேய்த்து, துருத்தடை வர்ணம் பூசி, செறிந்த சிமெண்டுக் கலவையை அழுத்தி அடைத்தால் அந்த இடம் பிழைத்துக்கொள்ளும். துருவின்மேலேயே கலவையை அப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு. புண்ணைக் கழுவாமற் கட்டுப்போடுவதற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. கம்பி மெலிந்து ஈர்க்குபோல ஆகியிருந்தாலோ, பலகை நடுவே தொய்ந்திருந்தாலோ, அப்பொழுது மாத்திரம் பலகையை எடுத்துவிட வேண்டும். எடுத்தால், அங்கே மீண்டும் கம்பி கட்டிய காங்கிரீட் போட வேண்டா என்பது என் அபிப்பிராயம். துருப்பிடிப்பதற்கு இரும்பே இல்லாத பலகை கடலோரத்துக்கு உத்தமம். ஒன்றரை அங்குல கனமுள்ள கடப்பைக் கல்லைச் செங்கற் கால்சுவர்களின்மேல் நேரே பரப்பிவிடலாம். கால்சுவர்களுக்கிடையே இரண்டரை அடிக்குமேல் இடைவெளி விடாதிருந்தால் போதும். கல்லே பலகையாகவும் கல்லே மேற்பரப்பாகவும் ஆகிவிடுகிறது. இரண்டு செலவு ஒன்றாகிறது.

கலவையைப் பற்றி இங்கே கண்டிப்பாகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசலில் இறங்கினால் மணல் கிடக்கும் ஊர் இது. அந்த மணலை அள்ளிக் கலவையிற் போட்டால் வண்டிக் கூலி மிச்சம் என்று எண்ணாத வீட்டுக்காரர் இல்லை. 30 வருஷத்துக்கு முன் நானே என் வீட்டுத் தொட்டிக்கு அவ்வாறு செய்தேன். ஓவர்சியர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று வருஷத்தில் தொட்டியின் சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பொரிப்பொரியாக உதிர்ந்தது. உப்பு ஈரத்தைக் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகையால் கோடையிலும் அச்சுவர் உலர்வதில்லை. ஆற்றுமணல், அல்லது கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டு, இவ்விரண்டைத் தவிர வேறு மணலை மேடைக்குத் தொடவேண்டாம். தண்ணீரும் அப்படியே. கட்டட வேலைத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு, கம்பி உள்ள காங்கிரீட்டுக்கு ஆகாது என்றும், கம்பி இல்லாத வேலைக்கு 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் கூறுகிறது. இதை வீட்டில் அளந்து பார்க்க நம்மால் ஆகாது. ஆகையால் வாயில் வைத்தாற் கரிக்கும் கிணற்று நீரைக் கலவைக்கும் வைக்கவேண்டாம். குடிநீர்க் குழாயில் நான்கு குடம் பிடித்தால் ஒரு மேடைக்குக் கலவை பிசையப் போதும். சிமெண்டிலே, பொசொலானா வகையோ கசடு கலந்த வகையோ உப்பை எதிர்த்து நிற்பதிற் சிறந்தவை.

பழைய சுண்ணாம்புக் காரை மேடை உள்ளவர்கள் இரண்டொருவர் இருப்பீர்கள். அதன்மேற் சிமெண்டைப் பூசாதீர்கள். அது ஒட்டாது, தகடாகக் கழன்றுவிடும். சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலேயே பொத்தவேண்டும்.

இனி மேற்பரப்பு. உள்நோய் தீர்ந்தபின், பழைய மேற்பரப்பு முழுவதையும் உளியால் நெருக்கமாகக் கொத்திவிட வேண்டும். வழுவழுப்பான பழம்பூச்சின்மேல் புதுப்பூச்சு நிற்காது. எண்ணெய்ப் பிசுக்கைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் இரண்டு முறை கழுவி, ஈரமாக்கி, சிமெண்டுப் பால் தடவி, ஒன்றுக்கு நாலு கலவையை முக்கால் அங்குல கனத்துக்கு இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தொட்டிப் பக்கமாக ஓரடிக்கு ஒரு நூல் வாட்டம் கொடுக்கவேண்டும். இந்த ஒரு நூல் வாட்டத்தைக் கேட்டு வாங்காத வீட்டுக்காரி ஆயுள் முழுவதும் துணியால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருப்பாள். மேடையும் சுவரும் கூடும் மூலையைச் சதுரமாக விடாமல் உருட்டிப் பூசச் சொல்லுங்கள். நீர் சுவருக்குள் இறங்குவதும், கரப்பான் குடிபுகுவதும் அந்த மூலையின் வழியாகவே.

எவ்வளவு சாமான் வேண்டும்? விலை நாளுக்கு நாள் மாறும். ஆகையால் அளவைச் சொல்லுகிறேன், அன்றைய விலையால் நீங்கள் பெருக்கிக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் மேடை பெரும்பாலும் 6 அடி நீளம், 2 அடி அகலம். அதாவது 12 சதுர அடி. அதன்மேல் முக்கால் அங்குலக் கலவை இழுக்கச் சுமார் 8 கிலோ சிமெண்டு பிடிக்கும். முன்விளிம்பு, பக்கங்கள், பின்சுவரில் ஓரடி உயரம் இவற்றையும் சேர்த்தால் 12 கிலோ. ஆனால் கடையில் மூட்டை 50 கிலோ. மீதியை மூலையில் வைத்தால் நம் ஊர்க் காற்றில் சில வாரங்களில் அது கல்லாகிவிடும். மூட்டையின் முக்காற்பங்கை வாங்கி எறிவதற்கு ஒப்பாகும். இதை அக்காள் வீட்டு வேலையிற் கண்ணாரக் கண்டேன். மீதிச் சிமெண்டை வீணாக்க மனமின்றி அடுத்த வீட்டுக்காரரைக் கேட்டோம். அவர் அதற்கடுத்த வீட்டாரைக் கேட்டார். கடைசியில் ஒரு மூட்டை சிமெண்டும் ஐந்து கன அடி மணலும் நான்கு மேடைகளுக்குச் சரியாகப் போயின. கொத்தனாரும் ஒருவர், சித்தாளும் ஒருவர். ஒரு வீட்டில் பூச்சு இறுகும் நேரத்தில் அடுத்த வீட்டிற் கொத்தினார்கள். தனியாக அழைத்திருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் அரைநாள் கூலி காத்திருப்பிலேயே கழிந்திருக்கும். கூட்டுறவு என்ற சொல்லைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறோம். அது ஒரு சிமெண்டு மூட்டைக்குள்ளும் இருக்கிறது.

கலவை இழுத்தபின் அதன்மேல் என்ன போடுவது என்பதில் மூன்று வழிகள் உண்டு. மிகச் சிக்கனமானது சிவப்புச் சிமெண்டு. நம் பழைய வீடுகளின் திண்ணையிலும் கூடத்திலும் ஐம்பது அறுபது வருஷமாகப் பளபளக்கும் அதே சரக்குதான். சிமெண்டையும் சிவப்பு ஆக்சைடுப் பொடியையும் உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்து சலிக்கவேண்டும். மேடை முழுவதற்கும் வேண்டியதை ஒரே முறையிற் கலந்துவிட வேண்டும். பாதியில் மறுபடி கலந்தால் நிறம் இரண்டாகத் தெரியும். நிறம் தூக்கலாக வேண்டுமென்று பொடியை அள்ளிக் கொட்டினால் பலம் குறையும். சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்துவது நலம். கீழ்க்கலவை முற்றும் உலர்வதற்கு முன்பே இதை இழைத்து, கரணையால் அழுத்தி அழுத்தி மெருகேற்ற வேண்டும். மெருகு கையில் இருக்கிறது, பொடியில் இல்லை. ஆகையால் இதற்கு வயதான கொத்தனாரைத் தேடுங்கள். இப்பூச்சுக்கு வீட்டுக்கு 5 கிலோ சிமெண்டு அதிகம் பிடிக்கும். அப்பொழுது மூட்டை நான்கு வீட்டுக்குப் பதில் மூன்று வீட்டுக்கு வரும். பூச்சு முதிர்ந்தபின் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் தேய்க்கத் தேய்க்க நிறம் ஆழும்.

இரண்டாவது, டைல்ஸ். தரைக்குப் போடும் இரண்டடிச் சதுர விட்ரிஃபைடு டைல்ஸ் மூன்று இருந்தால் ஆறடி மேடை மூடிவிடும். இணைப்பு இரண்டே இடத்தில். பெட்டியொன்றில் பெரும்பாலும் 4 இருக்கும். நான்காவதைப் பின்சுவருக்கு அறுத்துக்கொள்ளலாம். சிறு சிறு சதுரங்களாகப் போடும் மலிவுச் சுவர் டைல்ஸை மேடைக்கு வாங்காதீர்கள்: கோடுகள் பலவாகி, மஞ்சளும் எண்ணெயும் ஒவ்வொரு கோட்டிலும் தங்கும். டைல்ஸின் நான்கு மூலைகளில் மாத்திரம் கலவை வைத்து ஒட்டுவதை அனுமதிக்கவேண்டாம். நடுவே பொள்ளலாக நின்றால், ஒரு நாள் குழவி கை தவறி விழும்போது அது பிளந்துவிடும்.

மூன்றாவது, கடப்பைக் கல். ஆந்திர நாட்டுக் கடப்பை ஜில்லாவிலிருந்து வரும் இந்தக் கறுப்புக் கல் கருங்கல்லைக் காட்டிலும் விலை மலிவு. ஆனால் அது சுண்ணாம்புக் கல் இனம் என்பதை வாங்குமுன் அறிந்துகொள்ள வேண்டும். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் அதன் மெருகைத் தின்று வெளுப்பாக்கும். மீன்குழம்புக்குப் புளி கரைக்காத நாள் நம் வீடுகளில் ஏது? புளிச்சட்டிக்கு ஒரு தட்டு வைத்துக்கொள்ளவும், சிந்தினால் உடனே துடைக்கவும், மாதத்துக்கொரு முறை எண்ணெய் தடவவும் இஷ்டமுள்ளவர்களுக்கு அது நல்ல கல். மற்றவர்களுக்குக் குறைசொல்லத் தூண்டும் கல். கருங்கல்லுக்கு இந்தக் குறை இல்லை என்பது வாஸ்தவம். கருங்கல்லே வேண்டும் என்பவர்கள் முழுப்பலகை வாங்குவதற்குமுன் கல் அறுக்கும் பட்டறைகளில் துண்டுக்கல் கேட்டுப் பாருங்கள். தங்கும் விடுதிகள் நிறைந்த ஊர் இது; பெரிய வேலைகளில் அறுத்து மிஞ்சிய துண்டு இரண்டடிக்கு இரண்டடி கிடைத்தால், அடுப்பு நிற்கும் இடத்துக்கு மாத்திரம் அதைப் பதித்து, மீதிக்குச் சிவப்புச் சிமெண்டு பூசிவிடலாம். அக்காள் வீட்டு மேடை இவ்வாறுதான் அமைந்தது.

கடையில் வெள்ளித்தாள் போன்ற ஒட்டுத்தாள் ஒன்று சுருளாக விற்கிறார்கள். சந்தையில் இதைப் பற்றிப் பலரும் என்னைக் கேட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மேடை புதிதாகிவிடும் என்பது மெய்யே. அடுத்த மழைக்குள் ஓரம் கழன்று, அதன்கீழ் ஈரமும் பூச்சியும் சேரும் என்பதும் மெய். அடுப்பின் அருகே கழன்று தொங்கும் தாள் ஆபத்து. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மேடையின் உயரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொத்தனார் தம் உயரத்துக்குத் தக்கபடி மேடை கட்டிப்போய், வீட்டம்மாள் இருபது வருஷம் தோளைத் தூக்கிக்கொண்டு கிண்டும் வீடுகளை நான் எண்ணிறந்து பார்த்திருக்கிறேன். நின்று வேலை செய்பவர் முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு ஒரு சாண் தாழ்வாகப் பாத்திரத்தின் வாய் வருவது சௌகரியம். அரிவதற்கும் பிசைவதற்கும் உள்ள இடம் இடுப்பளவு இருக்கலாம். எரிவாயு அடுப்போ தானே ஐந்தாறு அங்குல உயரம். அதன்மேல் பாத்திரத்தின் உயரம் வேறு. ஆகையால் அடுப்பு நிற்கும் பகுதி மற்றப் பகுதியைக் காட்டிலும் நாலைந்து அங்குலம் தாழ்ந்திருப்பது உத்தமம். மேடை மிக உயரமாகிவிட்டதென்றால் அதை இடிக்க வேண்டாம். சமைப்பவர் நிற்கும் தரையை ஒரு செங்கல் உயர்த்தி ஒரு சிறு திண்டு கட்டிவிட்டாற் போதும். எங்கள் அக்காளுக்கு அவ்வாறே செய்தோம். பூச்சைக் காட்டிலும் அந்தத் திண்டைப் பற்றியே அவர் எல்லோரிடமும் பேசுகிறார்.

ஆனால் அடுப்பைத் தாழ்த்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. எரிவாயு உருளையை எப்போதும் நிமிர்த்தித் தரையில் நிறுத்த வேண்டும். அடுப்பு உருளையைவிட மேலான மட்டத்தில் இருக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். மேடைக்குக் கீழே கதவு போட்டு அழகாக மூடிக்கொள்ளும் வழக்கம் இப்பொழுது பரவி வருகிறது. உருளையை அதற்குள் வைப்பவர்கள் கதவின் அடியில் காற்றுப் போகத் துளைகள் விட்டே தீரவேண்டும். மூடிய பெட்டிக்குள் எரிவாயு தங்குவதைப்போன்ற அபாயம் வேறில்லை. ரப்பர்க் குழாய் மேடையைத் துளைத்து வருவதானால் துளையின் விளிம்பை மழமழப்பாக்குங்கள். குழாய் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். 5 வருஷத்துக்கொரு முறை அதை மாற்றவும் தவறாதீர்கள்.

விறகடுப்பை இன்னும் விடாத வீடுகளும் நம்மிடையே உண்டு. நெல் அவிக்கவும் வெந்நீர் வைக்கவும் அது வேண்டியிருக்கிறது. அதைப் புதுமேடைமேல் ஏற்றாமல் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் வையுங்கள். விறகின் சூட்டுக்குச் சிவப்புச் சிமெண்டு வெடிக்கும், டைல்ஸும் வெடிக்கும்.

கடைசியாகச் சொல்லப்போவதுதான் பெரும்பாலோர் கேட்க விரும்பாதது. புதுப்பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். பூசிய மறுநாள் காலை கெட்டியாகத் தோன்றும், தட்டினால் கணீரென்னும், வீட்டம்மாளுக்கோ வெளியில் சமைத்துச் சலித்துப்போயிருக்கும், அடுப்பை ஏற்றிவிடுவார்கள். அப்பொழுது சூட்டில் நீர் வற்றி, பூச்சு பலம் பெறுமுன் சுருங்கி, மயிரிழைக் கீறல்கள் விழும். எண்ணெய் அக்கீறல்களில் இறங்கியபின் ஒன்றும் செய்ய இயலாது. நல்ல சாமான் வாங்கி, நல்ல கொத்தனாரை வைத்து, இந்த ஏழு நாளில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் அநேகர். நனைத்த கோணிச் சாக்கை மேடையில் விரித்து, காலையும் மாலையும் நல்ல தண்ணீர் தெளித்து வாருங்கள். வைக்கோல் கைக்கெட்டுகிறதே என்று அதைப் பரப்பாதீர்கள். சிவப்புப் பூச்சில் அதன் கறை இறங்கும். நான்கு வீட்டார் சேர்ந்து செய்தால் இங்கும் ஓர் அனுகூலம் உண்டு: ஒரே நாளில் நான்கு மேடையையும் முடக்காமல் இரண்டிரண்டாகச் செய்தால், சமைக்கும் வீடு சமையாத வீட்டுக்கு ஒரு பானை சோறு அதிகம் வடிக்கலாம். அக்காளும் அடுத்த வீட்டாரும் அவ்வாறே செய்தார்கள். நீண்ட நாளாக வேலித் தகராற்றினாற் பேச்சற்றிருந்த இருவர், அந்த வாரத்தில் குழம்புச் சட்டியைக் கைமாற்ற வேண்டியதாயிற்று.

வேலைக்கு உகந்த காலம் தை முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே ஈரமாயிருக்கும், எதுவும் பிடிக்காது. ஆகஸ்டு 29-ஆம் தேதி மாதா கோயிலிற் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை ஊரிற் கொத்தனாரும் கிடைக்கமாட்டார், வீட்டில் விருந்தினரும் நீங்கமாட்டார். அறுவடை முடிந்து கையில் நெல் விற்ற பணம் வரும் தை மாதமே, கடன் வாங்காமற் செய்வதற்கும் வசதி.

சங்கத்தின் பொறுப்பில் சிமெண்டையும் மணலையும் மொத்தமாக எடுத்து, நான்கு நான்கு வீடாகப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு நிர்வாகக் குழு சம்மதித்திருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் இம்மாத முடிவுக்குள் காரியதரிசியிடம் ஒரு சீட்டுக் கொடுக்கவேண்டும். அதில் மேடையின் நீளம், அகலம், தரையிலிருந்து உயரம், சுத்தியலாற் தட்டிப் பார்த்ததிற் பொள்ளலான வட்டங்கள் எத்தனை, அடிப்பக்கத்தில் கம்பி தெரிகிறதா என்னும் விவரங்களுடன், சமைப்பவரின் முழங்கை உயரமும் எழுதியிருக்க வேண்டும். ஆண்மக்கள் தங்கள் முழங்கையை அளந்து எழுதிக்கொண்டு வந்தால் காரியதரிசி அந்தச் சீட்டைத் திருப்பிவிடுவார். அவருக்கு அவ்வாறு உத்தரவாகியிருக்கிறது.